மிச்ச உல்லன் நூலில் பட்டை பட்டையாக மஃப்ளர்: நூல் நுனித் தொல்லைக்கு என்ன வழி?

நூல்கண்டு:
டிகே (டபுள் நிட்டிங், நடுத்தரம்) தடிமனில் 11 சின்ன உருண்டைகள், ஒவ்வொன்றும் 8 முதல் 20 கிராம், மொத்தம் 160 கிராம் இருக்கு. 4 மி.மீ. ஊசியில் 40 கண்ணி போட்டு ஸ்டாக்கினெட்டில் (முன்பக்கம் வழுவழுப்பா வர்ற பின்னல்) ஆரம்பிச்சா இரண்டு ஓரமும் சுருட்டிக்குது. கார்ட்டருக்கு (இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேடுபள்ளமா வர்ற பின்னல்) மாறினா சில பட்டைகளோட எல்லை மட்டும் புள்ளி புள்ளியா தெரியுது. நூல் எங்கே தீரும்னு கணிக்க முடியலை. 25 செ.மீ. வர்றதுக்குள்ள செருக வேண்டிய நுனி முப்பதைத் தாண்டிடுச்சு.

ஊசிமுனை:
ஸ்டாக்கினெட் சுருளத்தான் செய்யும். ஓரத்தில் 3 கண்ணி கார்ட்டர் சேர்த்தாலும் முழுசா நிக்காது. கார்ட்டரே சரி.
புள்ளி வர்றதுக்குக் காரணம், பின்பக்க வரியில் நிறம் மாத்தினது. அப்போ பர்ல் புடைப்புகளில் (கண்ணியின் பின்பக்கம் தெரியுற மேடு) இரண்டு நிறமும் கலந்து முன்பக்கம் வந்துடும். முன்பக்கத்தில் ஒரு ஊக்கு மாட்டிவெச்சு, அந்தப் பக்கம் பார்த்திருக்கும்போது மட்டும் நிறம் மாத்துங்க. அதாவது ஒவ்வொரு பட்டைக்கும் 2, 4, 6ன்னு இரட்டைப்படை எண்ணிக்கையில் வரிகள்.
நூலுக்குத் தராசுதான் துணை. 4 வரிக்கு முன்னாடியும் பின்னாடியும் உருண்டையை எடை போட்டு, வித்தியாசத்தை நாலால் வகுங்க, ஒரு வரிக்கு எவ்வளவு நூல்னு தெரிஞ்சிடும்.

குறுக்குச்சால்:
அகலவாக்கில் பின்னுறதே தப்பு. 100 செ.மீ. வட்ட ஊசியில் (இரண்டு ஊசிமுனையை வளையுற கம்பி இணைச்சது) 300 கண்ணி போட்டு நீளவாக்கில் போங்க (திருப்பித் திருப்பித்தான், வளையமா இணைக்க வேண்டாம்). 10 செ.மீ.க்கு 20 கண்ணின்னா 150 செ.மீ. நீளம். ஒவ்வொரு வரியும் ஒரு நிறம். இரண்டு முனையிலும் 15 செ.மீ. நூலைத் தொங்கவிட்டு வெட்டுங்க. அதுவே குஞ்சம், செருகும் வேலையே கிடையாது. நாலு நாலா சேர்த்து ஓரத்தை ஒட்டி முடிச்சு போட்டா முனைக் கண்ணியும் தளராது.
ஒரு வரிக்குச் சுமார் 5 முதல் 6 மீட்டர், எடையில் ஏறக்குறைய 2.5 கிராம். 8 கிராம் உருண்டையில் 3 வரி தேறும். 160 கிராமுக்கு 15 செ.மீ. அகலம் எதிர்பார்க்கலாம்.

ஊசிமுனை:
நல்ல யோசனை, ஆனா வரிக்கு ஒரு நிறம்னா கோடு தெளிவா விழாது. இரண்டு முகத்திலும் நிறங்கள் கலந்துதான் தெரியும். கூர்மையான கோடு வேணும்னா நிறத்துக்கு 2 வரி. நுனி எல்லாம் ஒரே பக்கம் சேரும். மறுமுனைக்குத் தனியா குஞ்சம் கட்டணும்.
இன்னொண்ணு: முதல் வரியையும் கடைசி மூடலையும் (கண்ணி அவிழாம முடிக்கிற வரி) 5 மி.மீ. ஊசியில் போடுங்க. இறுகினா மஃப்ளர் வில் மாதிரி வளைஞ்சிடும், அலசி விரிச்சாலும் நேராகாது. மூடுறதுக்கு 10 மீட்டர் தனியா எடுத்து வைங்க.

நூல்கண்டு:
பிரிச்சுட்டேன், நீளவாக்குதான். ஒரு சிவப்பு மட்டும் மெல்லிசு, 4 பிளை. சேர்க்கலாமா?

குறுக்குச்சால்:
இரட்டை இழையா பிடிச்சா தடிமன் ஏறக்குறைய ஒத்துவரும், ஒரே வரிக்கு இரட்டிப்பு நீளம் போகும். அதுக்கு முன்னாடி ஒரு துண்டை நனைச்சு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்க. சாயம் ஒட்டினா பக்கத்துப் பட்டைகளும் கறையாகும், விட்டுடுங்க. அக்ரிலிக்கும் (செயற்கை இழை) அசல் கம்பளியும் கலந்திருந்தா குளிர்ந்த தண்ணீரில் கையால் மட்டும் அலசணும். வெந்நீரில் கம்பளி சுருங்கும், அக்ரிலிக் அப்படியே நிக்கும், பட்டைக்குப் பட்டை நெளியும். அக்ரிலிக் மேல இஸ்திரி வேண்டவே வேண்டாம்.