வேலை தேடாமல் உதவித்தொகையில் இருக்கும் அண்ணனுக்கு வாடகையும் கொடுத்து, சான்றும் எழுதித் தர வேண்டுமா?

ஈசூன் புதுவரவு:
வணக்கம். நான் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் சிங்கப்பூருக்கு வந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை. கல்லூரியில் எனக்கு மூத்தவரான ஓர் அண்ணனுடன் ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். அவரை அவருடைய நிறுவனம் ஆட்குறைப்பில் நீக்கிவிட்டது. அதன்பின் அரசாங்க உதவித்தொகை வருகிறது; அதற்கு வேலை தேடியதற்கான புள்ளிகளை மாதந்தோறும் காட்ட வேண்டுமாம். சிறிது காலம் ஓய்வு வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் இப்போது பகல் முழுவதும் படுத்தபடி கிரிக்கெட் பார்க்கிறார். மாதக் கடைசியில் ஒரே இரவில் கண்ணில் படும் வேலைகளுக்கெல்லாம் விண்ணப்பத்தைத் தட்டிவிட்டு, “இந்த மாதப் புள்ளிகள் முடிந்தன” என்று மடிக்கணினியை மூடிவிடுகிறார். சென்ற மாத வாடகையில் அவர் பங்கையும் நானே கொடுத்தேன். இந்த மாதமும் கேட்கிறார். அதோடு, எங்கள் நிறுவனத்தில் அவருக்கு நேர்முகத் தேர்வு நடந்ததாக என் அலுவலக மின்னஞ்சலிலிருந்து ஒரு வரி எழுதித் தரச் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். தயங்கினால், “நீ வந்திறங்கிய அன்று படுக்க இடம் கொடுத்தது யார்?” என்கிறார். தூக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்?

ஜூரோங் பழையவர்:
தம்பி, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் வேலையில்லாதவருக்குப் பணம் கொடுக்கும் வழக்கமே கிடையாது. அவர் ஏதோ கதை சொல்கிறார். 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் எனக்கு வேலை போனபோது யாரும் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுக்கவில்லை. அனுமதி ரத்தானதும் ஊருக்குத் திரும்பும் நாளை எண்ணியபடி, டெக்கா சந்தைக்கு மேல்மாடியில் தெரிந்தவர் ஒருவரின் அறையில் பாய் விரித்துப் படுத்தேன். அந்த நிலையிலும் நாள்தோறும் விண்ணப்பங்களை அச்சடித்து, கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கினேன். இன்றைய பிள்ளைகளுக்குச் சூடு தெரியவில்லை.

செங்காங் அக்கா:
ஐயா, நீங்கள் சொல்வது அன்றைய நிலை. 2025ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து ‘ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம்’ நடப்பில் இருக்கிறது. தம் விருப்பமின்றி வேலை இழந்த, அதற்கு முன் சராசரியாக மாதம் 5,000 வெள்ளி வரை சம்பாதித்த குடிமக்களுக்காக அது தொடங்கப்பட்டது. ஆறு மாதங்களில் அதிகபட்சம் 6,000 வெள்ளி கிடைக்கும். ஆனால் அது சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படுவதில்லை. முதல் மாதம் 1,500 வெள்ளி வரை, அடுத்து 1,250, பிறகு 1,000, கடைசி மூன்று மாதங்களில் 750 வெள்ளி வீதம் என்று இறங்கிக்கொண்டே போகும். தம்பியின் அண்ணன் தொடக்கத்தில் வாடகை கொடுத்துவிட்டு இப்போது கையை விரிப்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தம்பி, அவர் சிங்கப்பூர்க் குடிமகனா என்பதை நீங்கள் எழுதவே இல்லை. எந்தப் பதிலும் அதைப் பொறுத்தே அமையும்.

பொங்கோல் வரிகட்டுபவர்:
அவர் யாராக இருந்தாலும் புகார் கொடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் நான் வருமான வரி கட்டுவது யாரோ படுத்துக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பதற்காக அல்ல. மாதந்தோறும் பத்துப் புள்ளிகள் சேர்க்கச் சொல்வதே ஆள் வேலை தேட வேண்டும் என்பதற்காகத்தான். தகுதிக்குச் சற்றும் பொருந்தாத வேலைகளுக்கு விண்ணப்பம் தட்டிவிடுவது தேடுதல் ஆகாது.

தெம்பனிஸ் தோழி:
புகார் என்று சொல்வது எளிது. என் கணவரை ஆட்குறைப்பு செய்தபோது நாங்கள் நிரந்தரவாசிகளாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. காலையில் வழக்கம்போல் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார். நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புவார். அவர் எங்கும் விண்ணப்பிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சோம்பல் அல்ல, இன்னொரு முறை நிராகரிக்கப்படுவதை அவரால் தாங்க முடியவில்லை. உங்கள் அண்ணனும் அந்த நிலையில் இருக்கலாம். கொஞ்சம் பொறுத்துப் போங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

பொங்கோல் வரிகட்டுபவர்:
உங்கள் கணவர் யாரிடமும் பொய்ச் சான்று கேட்கவில்லையே, அம்மா.

புக்கிட் பாத்தோக் வாடகைவாசி:
இந்த நாட்டில் ஒரு மாதம் சம்பளம் நின்றால் போதும், வாடகை நம்மை விழுங்கிவிடும். தொற்றுக்காலத்துக்குப் பின் என் அறை வாடகையை உரிமையாளர் உயர்த்தியது போதாதென்று, முகவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் தரகு கேட்டார். வேலையும் முன்போல் எளிதில் கிடைப்பதில்லை. 2023ஆம் ஆண்டு செப்டம்பரிலிருந்து இபி (நிபுணர்களுக்கான வேலை அனுமதி)-க்குப் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்குக் காம்பஸ் என்ற தகுதிப் புள்ளிமுறை வேறு. எங்கே திரும்பினாலும் புள்ளிதான். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டு மூன்று சுற்று நடத்திவிட்டு, இல்லை என்றுகூடச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஜூரோங் பழையவர்:
உண்மை. நாங்கள் வந்தபோது கோப்பிக்கடையில் ஒருவர் ஒரு வார்த்தை சொன்னாலே வேலை கிடைத்தது.

செங்காங் அக்கா:
வெள்ளிக்கிழமை நெருங்குகிறது, தம்பியின் கேள்விக்குத் திரும்புவோம். தம்பி, மூன்று விவரங்கள் வேண்டும். அவருடைய குடியுரிமை என்ன, வாடகை ஒப்பந்தத்தில் யார் யார் கையெழுத்திட்டிருக்கிறீர்கள், ஆட்குறைப்பின்போது நிறுவனம் அவருக்கு இழப்பீடு ஏதும் கொடுத்ததா?

ஈசூன் புதுவரவு:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். அவர் சில ஆண்டுகளுக்கு முன்பே குடியுரிமை பெற்றுவிட்டார். ஒப்பந்தத்தில் இருவருமே கையெழுத்திட்டிருக்கிறோம்; முன்பணத்தில் பாதி என்னுடையது. இழப்பீடு பற்றிக் கேட்டபோது, சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டதாகவும், அதோடு விட்டுவிட்டதாகவும் சொன்னார். அங்கே நான்கு ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்திருக்கிறார்.

செங்காங் அக்கா:
நன்றி, இப்போது தெளிவாகிறது. முதலில் அந்த மின்னஞ்சல்: அதை எழுதவே எழுதாதீர்கள். அவர் அதை எங்கே காட்டப்போகிறார் என்பது அவர் பாடு. ஆனால் நடக்காத நேர்முகத் தேர்வை நிறுவனத்தின் பெயரில் நடந்ததாக எழுதியவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அதற்காக நிறுவனம் உங்களை நீக்கினால் எஸ் பாஸ் ரத்தாகும், கையில் 30 நாள் வருகை அனுமதி மட்டுமே மிஞ்சும். இழப்பு வந்தால் அவருக்குச் சில நூறு வெள்ளி, உங்களுக்கு இந்த நாட்டில் தங்கும் உரிமை. இதை அவரிடம் நீட்டி முழக்காமல், “அண்ணா, இது என் பாஸோடு போகிற விஷயம், என்னால் முடியாது” என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். படுக்க இடம் கொடுத்த நன்றியை வேறு வழியில் தீர்க்கலாம்.

இரண்டாவது, வாடகை. இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் பெரும்பாலானவற்றில், ஒருவர் கொடுக்காவிட்டால் முழுத்தொகையையும் மற்றவரிடம் கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த விதியைத் தேடிப் பாருங்கள். முன்கூட்டியே விலகுவதற்கான விதியையும் பாருங்கள். அவர் பங்கை நீங்கள் கொடுத்தால் ரொக்கமாக அல்லாமல் பேநவ் வங்கிப் பரிமாற்றம் வழியாக அனுப்பி, அது கடன் என்பதைக் குறுஞ்செய்தியில் எழுதி வையுங்கள். எந்த மாதம் வரை கொடுப்பீர்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அவர் வெளியேற நேர்ந்தாலும் நீங்களாக ஒரு நண்பரைக் கொண்டுவந்து அறையில் வைக்க முடியாது. வாடகைக்கு இருப்பவர் உள்வாடகைக்கு விடுவதை வீவக அனுமதிப்பதில்லை, புதிய ஆளின் விவரங்களை உரிமையாளர்தான் பதிவு செய்ய வேண்டும். கடன் கொடுப்போரிடம் அவருக்காக உத்தரவாதக் கையெழுத்தும் போடாதீர்கள்.

மூன்றாவது, இழப்பீடு. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது சரிதான், ஆனால் பேச்சு அங்கே முடிந்துவிடக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு மேல் பணியாற்றியவருக்கு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது இங்கே பொதுவான வழக்கம். அவருடைய வேலை ஒப்பந்தத்திலேயே அது எழுதப்பட்டிருந்தால் வேலைத் தகராறுகளைத் தீர்க்க உதவும் சர்ச்சை நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியில் (TADM) கோரலாம். வேலையை விட்ட ஆறு மாதங்களுக்குள் போக வேண்டும் என்பதால் அவர் நாளைக் கடத்தக் கூடாது.

தெம்பனிஸ் தோழி:
அக்கா சொன்னதோடு ஒன்று. வேலை நியமன ஆலோசகரைச் சந்திப்பதும் புள்ளி பெற்றுத் தரும் நடவடிக்கைகளில் ஒன்று. ஜூரோங் ஈஸ்ட்டில் இருக்கும் தேவன் நாயர் நிலையத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். என் கணவர் வீட்டில் என்னிடம் சொல்லாததையெல்லாம் அங்கே ஓர் ஆலோசகரிடம் சொன்னார். வீட்டுச் செலவுக்கே திணறல் என்றால், உதவித்தொகை முடியும்வரை காத்திராமல் சமூக சேவை அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

ஈசூன் புதுவரவு:
மிக்க நன்றி. மின்னஞ்சல் எழுத முடியாது என்று சற்றுமுன் சொல்லிவிட்டேன்; அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், அக்கா சொன்ன விதி ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. முன்கூட்டியே விலகும் விதி, எனக்கு வேலை போய் நாட்டை விட்டுப் போக நேர்ந்தால் மட்டுமே செல்லும் என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் உரிமையாளரிடம் இப்போதே பேசலாமா, அல்லது அடுத்த வாடகை நாள்வரை பொறுக்கலாமா?

செங்காங் அக்கா:
இப்போதே பேசுங்கள், ஆனால் அண்ணனுக்குத் தெரியாமல் பேசாதீர்கள். வாடகை தவறிய பிறகு பேசினால் பேச்சு உங்கள் முன்பணத்திலிருந்துதான் தொடங்கும்.