மறு: சூப்பர்சார்ஜருக்குத் தமிழில் என்ன: மீயூட்டியா, துருத்தியா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் நான்கு நாட்களாக வந்த மடல்களை மொத்தமாக உட்கார்ந்து படித்தேன். கேள்வியைத் தொடங்கியவன் நான். எந்த வாக்கியத்துக்காக இந்தச் சொல் தேவைப்படுகிறது என்பதை முதல் மடலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ட்ரெய்லர் இழுக்கும் பிக்கப் வண்டிக்குச் சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை வலிந்து செலுத்தும் கருவி, பார்த்து வாங்குவது எப்படி என்று ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதைப் படிக்கப்போகிறவர், பாரத்தோடு மேடு ஏறும்போது எஞ்சின் திணறுவதைக் காதால் கேட்டவர். எதை வாங்கினால் அந்தத் திணறல் போகும் என்பதுதான் அவர் கேள்வி. சொல் அவருக்கு உதவ வேண்டும்.

> ‘மீமின்னேற்றி’ என்று வைக்கலாமே. சூப்பர் = மீ, சார்ஜர் = மின்னேற்றி.

இதை விட்டுவிடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் வரைவில் ஓரிடத்தில் இந்தச் சொல்லைப் போட்டு, மெக்கானிக் நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். “பேட்டரிக்கா?” என்று கேட்டார். எஞ்சின் பேச்சில் சார்ஜ் என்பது மின்சாரத்தைக் குறிப்பதில்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் வந்து நிறைகிற காற்றுக்கு, அல்லது காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவைக்கு, அந்தப் பெயர். ஆங்கிலத்திலேயே இப்போது குழப்பம் இருக்கிறது. டெஸ்லா நிறுவனம் 2012 முதல் தன் விரைவு மின்னேற்று நிலையங்களைச் சூப்பர்சார்ஜர் என்றுதான் அழைக்கிறது. அதற்கு மீமின்னேற்றி நன்றாகப் பொருந்தும், அங்கே வைத்துக்கொள்வோம்.

> ‘மீயூட்டி’ சுருக்கமாக இருக்கிறது, ஒலியும் நன்று.

ஒலி நன்றுதான். நானும் இரண்டு நாள் இதன் பக்கம்தான் இருந்தேன். ஆனால் எதை ஊட்டுகிறது என்பது சொல்லில் இல்லை. எஞ்சினுக்கு எரிபொருளையும் ஊட்டுகிறோம். அதைவிடப் பெரிய சிக்கல் ‘மீ’யில் இருக்கிறது. மீ என்பது எவ்வளவு என்பதைச் சொல்லும் முன்னொட்டு. பாரம் இழுக்கிறவருக்கு எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் முக்கியம். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது எத்தனை குதிரைத்திறன் கூடுகிறது என்ற பெரிய எண்ணைப் பார்த்து வாங்கிவிட்டு, 2000 முதல் 3000 சுற்றுக்குள் மேடு ஏறும்போது ஒரு மாற்றமும் தெரியவில்லையே என்று வருந்துகிறவர்கள் உண்டு. அந்த ஆசையை ‘மீ’ இன்னும் கொஞ்சம் தூண்டிவிடுமோ என்று பயப்படுகிறேன்.

> ஜெர்மானியர் ‘கம்ப்ரெஸர்’ என்றே சொல்கிறார்கள். நாம் ‘காற்றழுத்தி’ என்போம்.

உண்மை. ஒரு காலத்தில் மெர்சிடிஸ் கார்கள் சிலவற்றின் பின்புறத்தில்கூட அந்தச் சொல் பொறித்திருந்தது. ஆனால் தமிழில் கம்ப்ரெஸர் என்றால் டயருக்குக் காற்றடிப்பதும் குளிர்பெட்டியும்தான் நினைவுக்கு வரும். தவிர, சூப்பர்சார்ஜர்களில் ஒரு வகை தன் உடலுக்குள் காற்றை அழுத்துவதே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, என் முன்மொழிவு: துருத்தி.

கொல்லன் உலைக்குக் காற்று ஊதும் துருத்தி. பழந்தமிழில் மிதிதோல் என்ற பெயரும் அதற்கு உண்டு. தானாக வரும் காற்று நெருப்புக்குப் போதாதபோது வலிந்து காற்றைச் செலுத்துவது அதன் வேலை. சூப்பர்சார்ஜர் செய்வதும் அதே வேலை, நெருப்பு மட்டும் சிலிண்டருக்குள் இருக்கிறது. வரலாறும் நம் பக்கம்தான். இன்று ரூட்ஸ் வகை என்று சொல்கிறோமே, அது ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கருவி. அப்போது கார் எஞ்சினே கிடையாது. அது ஊதியது இரும்பு உருக்கும் உலைகளுக்கு. அதாவது, உலைத்துருத்தியைத்தான் பின்னால் வந்தவர்கள் எஞ்சினில் கொண்டுபோய் மாட்டினார்கள்.

இன்னொரு வசதி, இந்தச் சொல்லுக்கு முன்னால் என்ன வேண்டுமானாலும் சேர்க்கலாம். துருத்தியை எது இயக்குகிறதோ அதை முன்னால் வையுங்கள். எஞ்சினின் க்ராங்க் தண்டிலிருந்து பெல்ட் வழியாகச் சுழன்றால் வார்த்துருத்தி. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்றால் புகைத்துருத்தி, அதாவது டர்போ. பழைய போர் விமான எஞ்சின்களில் இருந்தது பற்சக்கரத் துருத்தி. மின்மோட்டார் சுழற்றினால் மின்துருத்தி. ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற புகைத்துருத்தியை ஆங்கிலத்தில் வெகுகாலம் டர்போ-சூப்பர்சார்ஜர் என்றுதான் எழுதினார்கள். இரண்டும் ஒரே குடும்பம் என்பது பெயரிலேயே தெரிந்தது, சுருக்கப்போய் அந்த உறவு மறைந்துவிட்டது. தமிழில் அதை மறுபடி வெளியே கொண்டுவரலாம்.

அடுத்து வேலை செய்யும் விதம், அதில் மூன்று வகை. கடையில் நிற்பவருக்குத் தேவைப்படுவது இதுதான். மூன்றையும் வினைத்தொகையாக வைத்துப் பார்த்தேன்: தள்ளுதுருத்தி, திருகுதுருத்தி, வீசுதுருத்தி. வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது, சுடுசோறு போல.

ரூட்ஸ் வகை தள்ளுதுருத்தி. இரண்டு சுழலிகளின் இதழ்கள் காற்றைக் கூட்டின் ஓரமாக அள்ளிக்கொண்டுபோய் மறுபக்கம் தள்ளும், அவ்வளவுதான். உள்ளே அழுத்தம் ஏறாது. எஞ்சின் எடுத்துக்கொள்வதைவிட அதிகமாகத் தள்ளுவதால் வெளிவாயிலுக்கு அப்பால்தான் காற்று நெருக்குப்படும். அதனால் பழைய வடிவங்களில் காற்று அதிகமாகச் சூடேறியது.

ஸ்வீடனின் ஆல்ஃப் லிஸ்ஹோல்ம் 1930களில் உருவாக்கிய இரட்டைத் திருகு அமைப்பு திருகுதுருத்தி. இதில் திருகுகள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும்போதே இடைவெளி சிறுத்துக் காற்று உள்ளேயே அழுந்திவிடும், சூடும் ஒப்பீட்டளவில் குறைவு.

> இப்போதைய ரூட்ஸ் வகையும் முறுக்கலாகத்தானே இருக்கிறது? பெயர் குழப்பாதா?

நல்ல கேள்வி. ஈட்டன் நிறுவனத்தின் டி.வி.எஸ். (ட்வின் வார்ட்டிசஸ் சீரிஸ்) என்ற ரூட்ஸ் வகைச் சுழலியில் நான்கு இதழ்கள், 160 பாகை முறுக்கு. பார்த்தால் திருகு என்றே தோன்றும். ஆனால் செய்யும் வேலை தள்ளுவதுதான். முறுக்கு இருப்பதால் காற்று விட்டுவிட்டு வராமல் சீராக வருகிறது, இரைச்சலும் குறைகிறது. பெயர் வடிவத்தைப் பார்க்காமல் செயலைப் பார்ப்பதால் குழப்பம் வராது. ‘முறுக்கு இருந்தாலும் இது தள்ளுதுருத்தியே’ என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மையவிலக்கு வகை வீசுதுருத்தி. விசிறிச் சக்கரம் காற்றை நடுவில் வாங்கி விளிம்புக்கு வீசும். இதன் ஊதழுத்தம் (பூஸ்ட் என்பதற்கு நான் வைத்திருக்கும் சொல்) சுழல்வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். 6000 சுற்றில் 9 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) தருவதை 3000 சுற்றில் ஓட்டினால் சுமார் 2¼தான் வரும், 2000 சுற்றில் சுமார் 1. ஒரு நண்பரின் பிக்கப்பில் இது இருந்தது. வெறும் வண்டியாக ஓட்டியபோது பிரமாதம். ட்ரெய்லரைக் கோத்து ஒரு நீண்ட மேட்டில் ஏறினோம். உதவி வேண்டிய சுற்றில் வீச்சே இல்லை. கியரைக் குறைத்து எஞ்சினை அலறவிட்டால்தான் இழுத்தது. தள்ளுதுருத்தியும் திருகுதுருத்தியும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு காற்றை அனுப்பும். அதனால் மிதித்தவுடனே, குறைந்த சுற்றிலேயே முறுக்குவிசை கிடைக்கும். இழுவைக்கு நான் பரிந்துரைப்பது இந்த இரண்டில் ஒன்று. ‘வீசு’ என்ற சொல்லே ‘வேகம் வேண்டும்’ என்று வாசகரிடம் சொல்லிவிடுகிறது. ‘மையவிலக்கு மீயூட்டி’ அதைச் சொல்லுமா?

> துருத்தி என்றால் ஆற்றிடைக்குறை என்றும் பொருள் உண்டு. ‘துருத்திக்கொண்டு’ என்ற வினையும் இருக்கிறது.

உண்டு, மறுக்கவில்லை. எஞ்சின் பற்றிய பத்தியில் ஆற்று நடுவே இருக்கும் திட்டை யாரும் நினைக்க மாட்டார்கள். வினைக்குப் பெரும்பாலும் ‘கொண்டு’ துணைக்கு வரும், நம் சொல்லுக்கு முன்னொட்டு வரும். தெளிவாகப் பிரிந்து நிற்கிறது.

சொற்களை ஓட்டிப் பார்க்க, கையேட்டிலிருந்து ஒரு பத்தி:

“வார்த்துருத்தி பொருத்தினால் வண்டியின் இழுவை வரம்பு கூடிவிடாது. வண்டிச்சட்டம் (சேசிஸ்), பிரேக், கொக்கி, கியர்பெட்டி எல்லாம் பழையவையே. தயாரிப்பாளர் குறித்த எடையே வரம்பு. துருத்தி தருவது, அதே எடையை மேட்டில் திணறாமல் இழுக்கும் வலு. கடல்மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 14 விழுக்காடு குறைந்துவிடும், அங்கேதான் துருத்தியின் அருமை தெரியும். ஊதழுத்தத்தை மிதமாக வையுங்கள். அழுத்தம் ஏறினால் காற்று சூடாகும், சூடான காற்றில் கலவை நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினைத் தட்டும். ஆகவே அழுந்திய காற்றைக் குளிரவைக்கும் இடைக்குளிர்வி (இன்டர்கூலர்) இல்லாத தொகுப்பை இழுவைக்கு வாங்காதீர்கள். உயர் ஆக்டேன் பெட்ரோல் கேட்கிறதா என்றும் பாருங்கள். பாரமில்லாமல் சீராக ஓடும்போது காற்றைச் சுற்றிவிடும் மாற்றுவழி வால்வு இருந்தால் எரிபொருள் வீணாவது குறையும்.”

படிக்கும்போது எங்கும் நாக்கு இடறவில்லை. உங்களுக்கு இடறினால் எந்த இடம் என்று எழுதுங்கள்.

டர்போவில் மிதித்த பிறகு ஊதழுத்தம் வரும்வரை ஆகும் தாமதத்துக்கு ‘சுணக்கம்’ என்று சென்ற மடலில் ஒரு அம்மா எழுதியிருந்தார். அப்படியே எடுத்துக்கொண்டேன், அவருக்கு என் நன்றி. புகைத்துருத்திக்குச் சுணக்கம் உண்டு, தள்ளுதுருத்திக்கு அநேகமாக இல்லை என்று ஒரே வரியில் எழுத முடிகிறது.

இன்னும் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. நீண்ட மேட்டில் விடாமல் இழுக்கும்போது துருத்தியின் உலோகமும் இடைக்குளிர்வியின் நீரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை வாங்கிக்கொண்டே போய், கடைசியில் குளிர்விப்பது நின்றுவிடுகிறது. ‘சூடு ஊறுதல்’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். ‘ஊறு’ நீர்ப்பொருளுக்குத்தான் சரி என்று தோன்றுகிறது. ‘சூடு ஏறிநிற்றல்’, ‘சூடு கட்டுதல்’ இரண்டையும் யோசித்தேன். பட்டறையில் இதற்கு வழங்கும் சொல் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அந்த அத்தியாயம் அதற்காகத்தான் காத்திருக்கிறது.