பயணம் சார்ந்த ஆங்கில மரபுத்தொடர்களின் பொருளை எப்படி மனத்தில் நிறுத்துவது?

கேள்வி (தேர்வர்):
அனைவருக்கும் வணக்கம். போட்டித் தேர்வுக்காக ஆங்கில மரபுத்தொடர்களைப் படித்து வருகிறேன். பயணம் என்ற தலைப்பில், புறப்படுவதைக் குறிக்கும் ‘ஹிட் த ரோட்’, மூட்டை முடிச்சு அதிகமின்றிச் செல்வதைக் குறிக்கும் ‘டிராவல் லைட்’ ஆகியவை எளிதில் புரிகின்றன. ஆனால் திகைத்துப் போவதற்கு ‘டேக்கன் அபேக்’ என்றும், பெரும்பாலும் என்பதற்கு ‘பை அண்ட் லார்ஜ்’ என்றும் அதே பட்டியலில் இருக்கின்றன. இவற்றுக்கும் பயணத்துக்கும் என்ன தொடர்பு? மனப்பாடம் செய்தாலும் நிற்கவில்லை.

மறுமொழி 1 (கடலோடி):
நீங்கள் முதலில் சொன்னவை பயணத்தைப் பற்றியே பேசுபவை. பின்னவை பாய்மரக் கப்பலில் பிறந்து, கரையில் வேறு பொருளுக்குப் பழகியவை. காற்று பாயின் பின்புறத்தில் பட்டால் கப்பல் முன்னே செல்லும். அது திடீரெனத் திசைமாறி முன்புறமாக அடித்தால், பாய் பாய்மரத்தோடு அப்பிக்கொள்ள, ஓடிக்கொண்டிருந்த கப்பல் வேகமிழந்து நின்றுவிடும், சில வேளை பின்னோக்கியும் நகரும், காற்று கடுமையாக இருந்தால் பாய்மரமே முறியும். இந்த நிலைதான் ‘டேக்கன் அபேக்’. எனவே அது வெறும் வியப்பன்று. எதிர்பாராத சொல்லைக் கேட்டு, அடுத்து என்ன பேசுவதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றுவிடுவது. ‘பை’ என்பது எதிர்க்காற்றை இயன்றவரை ஒட்டிச் செல்வது, ‘லார்ஜ்’ என்பது பின்காற்றில் செல்வது. இரண்டு நிலையையும் சேர்த்துப் பார்த்துச் சொல்வதால் ‘பொதுவாகப் பார்த்தால்’ என்ற பொருள் வந்தது.

மறுமொழி 2 (ரயில் நேயர்):
கப்பலுக்கு அடுத்து ரயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 1825இல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையும் 1830இல் லிவர்பூல்–மான்செஸ்டர் பாதையும் திறக்கப்பட்ட பின், நீராவி எஞ்சினின் சொற்கள் அன்றாடப் பேச்சில் நுழைந்தன. கொதிகலனில் அழுத்தம் எல்லை மீறினால் காப்பு வால்வு திறந்து நீராவியை வெளியேற்றும், இல்லாவிட்டால் கொதிகலன் வெடித்துவிடும். மனப்புழுக்கத்தைக் கொட்டித் தீர்ப்பதை ‘லெட் ஆஃப் ஸ்டீம்’ என்பது இதனால்தான். அமெரிக்காவின் ஒற்றைத் தடப் பாதைகளில், எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஒரு வண்டியைப் பக்கத் தடத்தில் ஒதுக்குவார்கள். பேச்சு வேறு பக்கம் திரும்புவதைச் ‘சைடுடிராக்’ என்பது அங்கிருந்து வந்தது. ‘கோ ஆஃப் த ரெயில்ஸ்’ பற்றி விளக்கவே வேண்டாம், தடம்புரள்வது என்று நாமும் அதே பொருளில் சொல்கிறோம்.

மறுமொழி 3 (ஆங்கில ஆசிரியர்):
மேலே உள்ள விளக்கங்கள் அருமை. ஆனால் அழகான கதை கிடைத்தவுடன் நம்பிவிடக் கூடாது என்று மாணவர்களிடம் எப்போதும் வலியுறுத்துவேன். ஆடம்பரத்தைக் குறிக்கும் ‘போஷ்’ என்ற சொல், இந்தியாவுக்குக் கப்பலில் வந்த வெள்ளைக்காரச் செல்வர்கள் வெயில் படாத அறையை விரும்பி, வரும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் பதிவு செய்ததால், ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’ என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பிறந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அப்படி முத்திரையிட்ட பயணச்சீட்டு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. அகராதி வல்லுநர்களும் இதை ஏற்பதில்லை.

தேர்வில் அதிகம் தடுமாறச் செய்வது ‘மிஸ் த போட்’. பேருந்தைத் தவறவிட்டதற்கு இதைச் சொல்ல மாட்டார்கள். விண்ணப்பிக்கும் கடைசி நாளைக் கோட்டைவிட்டால், அதாவது வாய்ப்பு கைநழுவினால்தான் சொல்வார்கள். ‘ரெட் ஐ’ என்பது கண்நோயன்று, இரவு விமானம்: லாஸ் ஏஞ்சலிஸில் இரவு 10 மணிக்கு ஏறினால், சுமார் 5 மணி நேரப் பறப்பும் 3 மணி நேர வேறுபாடும் சேர்ந்து நியூயார்க்கில் காலை 6 மணி ஆகிவிடும், தூக்கமில்லாத கண் சிவந்திருக்கும். கட்டுரையில் ‘பை அண்ட் லார்ஜ்’ தாராளமாக எழுதலாம். ‘ஹிட் த ரோட்’ பேச்சு வழக்கு, அதை அலுவல் கடிதத்தில் தவிர்த்துவிடுங்கள்.