சம்மணம் போட்டா 15 நிமிஷத்துல கால் மரத்துப் போகுது, என்ன பண்ண?

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை, வயசு 47, பகல் பூரா கடையில நின்னுட்டே இருக்கற வேலைங்க. நாலு மாசமா காலைல 5 மணிக்கு தியானத்துக்கு உக்கார்றேன், மூச்சை கவனிக்கறது மட்டும்தான், மந்திரம் எதுவும் இல்ல.

15 நிமிஷம் ஆனா வலது கால் முழங்காலுக்குக் கீழ மரத்துடுது, எந்திரிச்சா ரெண்டு நிமிஷம் பாதம் தரையில இருக்கறதே தெரியல, அப்புறம் ஊசி குத்தற மாதிரி. முதுகும் தானா கூனிடுது, பாதி நேரம் மூச்சை விட்டுட்டு முதுகத்தான் கவனிச்சிட்டிருக்கேன். முழங்கால் ரெண்டும் இடுப்பை விட மேலயே நிக்குது, தரையத் தொடறதே இல்ல.

அர்த்த பத்மாசனம் (ஒரு பாதத்த மட்டும் எதிர் தொடை மேல வெச்சு உக்கார்றது) ட்ரை பண்ணேன், கணுக்கால் வலிச்சதுதான் மிச்சம். வஜ்ராசனம் (மண்டி போட்டு குதிகால் மேல உக்கார்றது) 5 நிமிஷம்கூட தாங்கல. தலகாணி வெச்சா அமுங்கிடுது. சுவத்துல சாஞ்சா தூக்கம் (குறட்டைன்னு வீட்ல கம்ப்ளைன்ட் வேற). எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல, நரம்பு அமுங்கறதுதான்னு டாக்டர் சொல்லிட்டார். நாற்காலில உக்காந்தா பிரச்சினையே இல்ல, ஆனா தரையில உக்கார எனக்கு ஆசை.

முழங்கால் தரையத் தொடணும்னா இடுப்புக்கு அடியில எத்தன இஞ்ச் உயரத்துல, என்னத்த வெச்சு உக்காரணும்?