புதுப்பிப்பு: பாட்டியிடம் தோற்ற என் முகப்புப் பக்கம்

போன மாதம் எழுதியிருந்தேன்: மும்பை மாநகராட்சித் தளத்தின் முகப்பை, துறைகளின் பெயரில் இல்லாமல் மக்கள் செய்ய வரும் வேலைகளின் பெயரில் ஒரு பயிற்சியாக வரைந்து பார்க்கிறேன் என்று. "முதலில் நாலு பேரிடம் காட்டு" என்றீர்கள். காட்டினேன். தாராவியில் எங்கள் சந்திலேயே ஐந்து பேர்.

முதல் அடி எதிர்வீட்டுப் பாட்டியிடம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் தரச் சொன்னேன். 'உங்கள் வார்டைத் தேர்ந்தெடுங்கள்' என்ற பெட்டியைத் தொட்டதும் A, B, C என்று வார்டுகளின் பெயர்களே ஆங்கில எழுத்துகளாக இறங்கின. விரலை அந்தரத்தில் நிறுத்தி, "இதுல நம்மது எதுடா தம்பி?" என்றார். தாராவி ஜி நார்த் வார்டில் வருகிறது. நாற்பது வருடமாக இங்கே இருப்பவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. இப்போது இடத்தின் பெயரை எழுதினால் போதும், வார்டைத் தளமே கண்டுபிடிக்கும். அவசரக்காரர்களுக்கு 1916 உதவி எண் மேலேயே இருக்கிறது.

பிறப்புப் பதிவிலும் சொதப்பல்தான். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை என்பதை வெளிர்சாம்பல் நிறத்தில் அடியில் போட்டிருந்தேன். நிறைமாதமாக இருக்கும் பக்கத்து வீட்டு அக்கா கண்ணிலேயே படவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு (contrast) வேண்டும் என்ற விதி தெரிந்தும் அழகுக்கு ஆசைப்பட்டது என் தப்பு. இப்போது கறுப்பில், பொத்தானுக்குப் பக்கத்திலேயே.

பார்த்தவர்களில் பையன்கள் தமிழை விட மராத்தியை வேகமாகப் படித்தார்கள். அது தனிக் கதை. அடுத்து சொத்து வரிப் பக்கம்.