அசெலயிக் அசிட் 20 வீத கிறீம் பூசினால் முகம் எரியுது: விடுறதோ, தொடருறதோ?

மானிப்பாய்க்காரி

தங்கச்சிக்கு 17 வயசு, உயர்தரம் படிக்கிறாள். நெத்தி, கன்னம், நாடி எல்லா இடமும் பரு. சிலதிலை சீழ் இருக்கு, மிச்சம் சின்னச் சின்ன வெள்ளைக் குருவும் கரும்புள்ளியும். பரு காய்ஞ்ச இடமெல்லாம் கறுத்த அடையாளம். டொக்டர் அசெலயிக் அசிட் 20 வீத கிறீம் எழுதித் தந்து காலமையும் இரவும் பூசச் சொன்னவர். பூசின உடனை எரியுது, கடிக்குது, மூக்கோரம் தோல் உரியுது. இரண்டாவது கிழமை ஓடுது, பரு குறைஞ்ச மாதிரித் தெரியேல்லை. முகம் கழுவுறது குளிக்கிற சவர்க்காரத்தாலை, கிணத்துத் தண்ணியிலை. கழுவின கையோடையே பூசுறாள். அம்மா இதை விட்டிட்டுத் தேசிக்காய்ப்புளி பூசச் சொல்லுறா. என்ன செய்யிறது? பூசுற முறை தெரிஞ்ச ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ.

மருந்துப்பெட்டி

தொடருங்கோ. ஆனால் இப்ப பூசுற மாதிரிப் பூச வேண்டாம். எரிச்சலுக்கு மூண்டு காரணம் உங்கட பதிவிலையே இருக்கு: சவர்க்காரம், ஈரத் தோல், முதல் நாளிலையிருந்தே இரண்டு நேரம் பூசினது.

சவர்க்காரம் காரத்தன்மையானது. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை வாறதாலை கல்சியம் கூட. சவர்க்காரத்தோடை சேர்ந்து அது ஒரு வெள்ளைப் படையா மாறி முகத்திலை ஒட்டும். வாளியின்ரை ஓரத்திலை படியுற அதே படைதான். தோல் இழுக்கிற மாதிரி இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். சவர்க்காரம் சேராத, வாசம் இல்லாத ஃபேஸ் வொஷ் ஒண்டு வாங்குங்கோ, அது வன்தண்ணியோடை இப்பிடிப் படையாகாது. காலமையும் இரவும் மட்டும் கழுவினால் காணும். தேய்க்கிற ஸ்கிறப் ஒண்டும் வேண்டாம்.

கழுவின பிறகு துவாயாலை ஒத்தி எடுத்திட்டு 15 நிமிசம் விடுங்கோ. ஈரத் தோல் மருந்தைக் கெதியா உள்ளை இழுக்கும், அதுதான் சுள்ளெண்டு எரியுறது. இரவிலை எண்டால் கழுவிப் போட்டு ஒரு பாடத்தைப் பாத்திட்டுப் பூசச் சொல்லுங்கோ.

அளவு: முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு தரத்துக்கு 2.5 சென்ரிமீற்றர் நீளம், அதாவது சுட்டுவிரல் நுனியிலையிருந்து முதல் மடிப்பு வரை. கிட்டத்தட்ட அரைக் கிராம். நெத்தி, இரண்டு கன்னம், நாடி எண்டு பொட்டுப் பொட்டா வைச்சு மெல்லிசா இழுத்து விடுங்கோ. கண் இமை, மூக்கின்ரை மடிப்பு, வாயின்ரை இரண்டு ஓரம் இதுகளை விட்டிடுங்கோ. மருந்து தேங்கி நிண்டு முதல் உரியுறது அந்த இடங்கள்தான்.

பருவிலை மட்டும் தொட்டு வைக்கிறது கனபேர் விடுற பிழை. கண்ணுக்குத் தெரியுற பரு, துவாரம் அடைபட்டுக் கிழமைக் கணக்கான பிறகுதான் மேலை வருது. இண்டைக்கு வெறும் தோலாத் தெரியுற இடத்திலை அடுத்த மாதத்துப் பரு அடைபட்டுக் கிடக்கு. இந்த மருந்து துவாரத்தை அடைக்கிற தோல் கலங்களைச் சீராக்குது, பருக் கிருமியைக் குறைக்குது, வீக்கத்தைத் தணிக்குது. அதாலை பரு வாற பகுதி முழுக்கப் பூச வேணும்.

முகத்திலை மருந்தை நிப்பாட்டி மூண்டு நாலு நாள் வெறும் மொயிஸ்சரைசர் மட்டும் போட்டு உரியுறதை ஆற விடுங்கோ. பேந்து முதல் கிழமை ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவு, இரண்டாம் கிழமை ஒவ்வொரு இரவும், பொறுத்தால் மூண்டாம் கிழமையிலையிருந்து காலமையும். எரிச்சல் கூட எண்டால் மொயிஸ்சரைசரை முதல் பூசி, பத்து நிமிசம் கழிச்சு மருந்தைப் பூசலாம். வீரியம் கொஞ்சம் குறையும், ஆனால் ரியூப்பை அலுமாரிக்குள்ளை போட்டு மூடுறதை விட அது மேல்.

பூசி 10, 20 நிமிசம் சுணைக்கிறது முதல் மாதத்திலை வழமை, பிறகு தானாக் குறையும். ஒரு மணித்தியாலம் தாண்டியும் எரிஞ்சு, சிவந்து, வீங்கி, நீர் கசிஞ்சால் நிப்பாட்டிப் போட்டு டொக்டரிட்டைக் காட்டுங்கோ. ஆஸ்மா இருக்கிற பிள்ளை எண்டால் முதலே டொக்டருக்குச் சொல்லுங்கோ, அரிதா அது கூடினதாப் பதிவு இருக்கு.

பனங்கிழங்கு

மருந்துப்பெட்டி அண்ணை சொன்னதோடை பெரும்பாலும் ஒத்துப் போறன், ஒரு இடத்தைத் தவிர. ஒரு நேரப் பூச்சிலையே மாதக் கணக்கா நிண்டிடாதேங்கோ. 20 வீத கிறீமின்ரை பலனை ஆய்வுகளிலை பாத்தது நாளுக்கு இரண்டு தரம் பூசித்தான். மெதுவாத் தொடங்குறது சரி, நாலாம் கிழமைக்குள்ளை இரண்டு நேரத்துக்கு வந்திட வேணும்.

சரியாப் பூசுறாளோ எண்டு பாக்க லேசான கணக்கு: தரத்துக்கு அரைக் கிராம், நாளுக்கு ஒரு கிராம், அப்ப 30 கிராம் ரியூப் ஒரு மாதம். மூண்டு மாதம் ஓடினால் தொட்டுத் தொட்டு வைக்கிறாள். பத்து நாளிலை முடிஞ்சால் அப்பிக் கொண்டு திரியிறாள். ரியூப் வாங்கின திகதியை மேலை பேனையாலை எழுதி விடுங்கோ.

பலன்: நாலாம் கிழமை அளவிலை புதுப் பரு குறையத் தொடங்கும், 12ஆம் கிழமையிலைதான் தீர்ப்புச் சொல்லலாம். கறுத்த அடையாளம் அதை விட மெதுவாத்தான் போகும், அரை வருசம் கூட எடுக்கும். நாலு கிழமைக்கு ஒருக்கா ஒரே யன்னல், ஒரே நேரத்திலை படம் எடுத்து வையுங்கோ. கண்ணாடியிலை நாளாந்தம் பாக்கிற ஆளுக்கு மாற்றம் தெரியாது.

தென்னோலை

தேசிக்காய்ப்புளி வேண்டவே வேண்டாம். அது கடும் புளிப்பு அமிலம், அளவும் தெரியாது. அதோடை தேசிக்காய்த் தோலிலையும் சாற்றிலையும் உள்ள சில சேர்மங்கள் தோலிலை இருக்கேக்கை வெய்யில் பட்டால் எரிகாயம் மாதிரிக் கொப்பளிச்சு, ஆறின பிறகு மாதக் கணக்காக் கறுத்து நிக்கும். அடையாளம் போக்கப் போய்ப் புது அடையாளம் வாங்குற வேலை. அம்மாவுக்கு இதைச் சொல்லிப் பாருங்கோ: டொக்டர் தந்ததும் ஒரு புளிதான், ஆனால் அளந்து தந்த புளி.

உண்மையிலை எங்கட நிறத் தோலுக்கு இந்த மருந்து பொருத்தம் எண்டு நான் நினைக்கிறதுக்குக் காரணம் அந்தக் கறுப்பு அடையாளம்தான். தேமல் தெரியும்தானே, அந்தப் பங்கசு தோலிலை வளரேக்கை இந்த அமிலத்தை உண்டாக்கும். தேமல் பட்ட இடம் ஏன் வெளிறுது எண்டு 1970களிலை இத்தாலி ஆய்வாளர் தேடிப் போனதிலையிருந்துதான் இது மருந்தா வந்தது. நிறத்தை உண்டாக்கிற நொதியத்தைத் தடுக்கிறதாலை பருவையும் அடையாளத்தையும் ஒரே ரியூப் பாக்குது. நல்ல நிறமான இடத்தை அவ்வளவாத் தொடாது. ஆனாலும் எங்கையாவது திட்டுத் திட்டா வெளிறினால் பூசுறதை விட்டிட்டுக் காட்டுங்கோ.

நெத்தியிலை கூடப் பரு எண்டால் தலைக்கு வைக்கிற எண்ணெயையும் பாருங்கோ. தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ, நாள் முழுக்க மயிர்க்கரையிலையிருந்து வழிஞ்சால் துவாரம் அடைபடும். எண்ணெய் வைச்சு முழுகுறதை விடச் சொல்லேல்லை. வைச்ச அண்டைக்கே தோய்ஞ்சு போடுங்கோ, தோயேக்கை நெத்தியையும் சேர்த்துக் கழுவுங்கோ. தலையணை உறையைக் கிழமைக்கு இரண்டு தரம் மாத்துங்கோ.

முக்கியமான கேள்வி: இதுக்கு முதல் வெள்ளையாக்கிற கிறீம் ஏதும் பூசினவளோ?

மானிப்பாய்க்காரி

எல்லாருக்கும் நன்றி. ஓம், சிநேகிதி ஒருத்தி தந்த சின்னப் போத்தல் கிறீம் ஒண்டு ஒரு தவணை முழுக்கப் பூசினவள். பேர் லேபல் ஒண்டும் இல்லை. பூசேக்கை முகம் பளிச்செண்டு இருந்தது, விட்ட பிறகுதான் பரு கிளம்பினது. இன்னும் இரண்டு கேள்வி. கடையிலை 10 வீதம், 15 வீதம் எண்டும் இருக்கு, எரிச்சல் குறைய அதுக்கு மாறலாமோ? சலிசிலிக் அசிட் ஃபேஸ் வொஷ், பென்சொயில் பெரொக்சைட் ஜெல் இதுகளையும் சேர்த்துப் போட்டால் கெதியா மாறுமோ?

தென்னோலை

அப்ப அந்தப் போத்தலைத்தான் முதல் சந்தேகிக்க வேணும். லேபல் இல்லாத வெள்ளையாக்கிற கிறீமிலை கூடுதலா இருக்கிறது பீற்றாமெதசோன், குளோபெட்டசோல் மாதிரி ஸ்ரீரொயிட், சிலதிலை பாதரசம். ஸ்ரீரொயிட் வீக்கத்தை உடனை அமத்திறதாலை முதல் மாதம் முகம் பளிங்கு மாதிரி இருக்கும். நாள் போகத் தோல் மெலியும், மெல்லிய சிவப்பு நரம்பு தெரியும், முகத்திலை பூனைமயிர் கூடும், ஒரே அளவான சின்னக் குரு ஒரே நேரத்திலை கிளம்பும். விட்டவுடனை எல்லாம் சிவந்து கொட்டும். அதைப் பாத்துப் பயந்து திரும்பவும் பூசுறதுதான் இதிலை உள்ள பொறி. மெலிஞ்ச தோலிலை 20 வீத அமிலம் பட்டால் எரியாமல் என்ன செய்யும்?

திரும்ப அதைப் பூச வேண்டாம், எறியவும் வேண்டாம். போத்தலோடை டொக்டரிட்டைப் போங்கோ. அவர் முதல் பாத்தபோது இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவர் தந்த மருந்தும் வேறை கணக்கிலை தந்ததுதான். தோல் வைத்தியரைக் காண வேண்டி வந்தால் யாழ் போதனா வைத்தியசாலையிலை தோல் கிளினிக் இருக்கு.

மருந்துப்பெட்டி

தென்னோலை சொன்னது சரி. அந்த விபரம் முதலே தெரிஞ்சால் "தொடருங்கோ" எண்டு எழுதியிருக்க மாட்டன். இப்ப மருந்தை நிப்பாட்டி, ஃபேஸ் வொஷ், மொயிஸ்சரைசர், சண்கிறீம் மூண்டோடை மட்டும் நிண்டு டொக்டரைக் கண்ட பிறகு நான் மேலை சொன்ன ஒழுங்கிலை தொடங்குங்கோ.

வீதக் கேள்விக்கு: 15 வீத ஜெல்லை 20 வீத கிறீமை விடப் பலம் குறைவு எண்டு எடுக்க வேண்டாம், ஜெல்லிலையிருந்து மருந்து தோலுக்குள்ளை கூட இறங்கும். எண்ணெய் வடியுற முகத்துக்கு ஜெல், காய்ஞ்ச முகத்துக்குக் கிறீம். 10 வீதம் எண்டு வாறது அழகுப் பொருள் வகை, கனக்க சிலிக்கோன் சேர்த்தது. மேலை சண்கிறீம் தேய்க்கேக்கை அழிறப்பர்த் தூள் மாதிரி உருண்டு வரும். டொக்டர் தந்ததை அவரைக் கேளாமல் மாத்த வேண்டாம்.

சேர்த்துப் போடுற விசயம்: முதல் ஒரு மாதம் ஒண்டோடை மட்டும். இரண்டு மூண்டை ஒண்டாத் தொடங்கினால் எது எரிச்சது எண்டே பிடிக்க ஏலாது. பேந்து தேவை எண்டால் சீழ்ப் பருவுக்கு 2.5 வீத பென்சொயில் பெரொக்சைட் சேர்க்கலாம். 10 வீதத்துக்குப் போக வேண்டாம், பலன் கூடாது, எரிச்சல்தான் கூடும். நிறத் துவாய், நிறச் சட்டை பட்டால் வெளிறும் எண்டதையும் நினைவிலை வையுங்கோ. சலிசிலிக் 2 வீத ஃபேஸ் வொஷ் கரும்புள்ளிக்கு உதவும், கிழமைக்கு இரண்டு மூண்டு தரம் காணும்.

இதை வாசிக்கிற கலியாணம் கட்டின ஆக்களுக்கு ஒரு வரி: அசெலயிக் கர்ப்ப காலத்திலையும் டொக்டரைக் கேட்டுப் பாவிக்கக் கூடிய மருந்து. பருவுக்கு இரவிலை பூசுற வேறை மருந்துகளான ட்ரெட்டினொயினும் அடபலீனும் அப்பிடி இல்லை. கடும் பருவுக்குக் குடுக்கிற ஐசோட்ரெட்டினொயின் குளிசை வயித்திலை இருக்கிற குழந்தைக்குக் கடும் ஊனம் வரப்பண்ணும், ஆரும் தந்தாலும் தானா விழுங்க வேண்டாம்.

பனங்கிழங்கு

ஒருத்தரும் வெய்யிலைப் பற்றி வடிவாச் சொல்லேல்லை. சண்கிறீம் இல்லாமல் அடையாளம் மாறாது, மருந்து ஒரு பக்கம் அழிக்க வெய்யில் மற்றப் பக்கம் எழுதும். எஸ்பிஎஃப் (வெய்யிலைத் தடுக்கிற அளவு, போத்தலிலை போட்டிருக்கும்) 30க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். காலமை மருந்து பூசி 10 நிமிசம் கழிச்சு, வெளிக்கிட 15 நிமிசத்துக்கு முதல். வெளியிலை நிண்டால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திரும்ப.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் போற வீடு எண்டால் வெய்யிலோடை திருநீற்றையும் கவனியுங்கோ. அது சாம்பல், காரத்தன்மை. தண்ணியிலை குழைச்சு நெத்தி முழுக்கப் பூசிக் காய விட்டால் மருந்து பட்ட தோல் கடிக்கும். உலர்ந்த திருநீறு ஒரு கீற்று, வீட்டை வந்தவுடனை கழுவல். ரியூப்பை மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழை வைச்சுக் கொண்டு திரியவும் வேண்டாம், 30 பாகைக்குக் கீழை வைக்க வேணும், சூட்டிலை எண்ணெய் பிரிஞ்ச கிறீமை எறியுறது தவிர வேறை வழியில்லை.