தூத்தூர் வீட்டுக் குழுவில் ஒரு சிங்கம்

*2 பிப்ரவரி 2019, சனி*

ராபின்: பெரியப்பா, 5–0

பெரியப்பா: யாருக்கு மக்கா?

ராபின்: அல் அஹ்லிக்கு. ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக், எகிப்தில் ஆட்டம். இங்கே தார் எஸ் சலாமில் எங்கள் டீம் சிம்பா நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது.

பெரியப்பா: போன மாதமும் இதே கணக்கைத்தானே சொன்னாய்?

ராபின்: அது காங்கோவின் கின்ஷாசாவில், ஏ.எஸ். வீட்டா டீமிடம். அதுவும் 5–0.

ஜெனிஷ்: இரண்டு ஆட்டத்தில் பத்து கோல். நம்ம கடற்கரை டீமை அனுப்பியிருந்தால் ஆறோடு நின்றிருக்கும் அண்ணா.

பெரியப்பா: கோல் காத்த கோலி யார்?

ராபின்: ஐஷி மனுலா. டான்சானியா தேசிய அணிக்கும் அவர்தான்.

பெரியப்பா: பாவம். பத்து தடவை குனிந்து வலையிலிருந்து பந்தை எடுப்பது என்னவென்று எனக்குத்தான் தெரியும்.

அம்மா: சாப்பிட்டாயா ராபின்

ராபின்: சாப்பிட்டேன் அம்மா. உகாலி.

அம்மா: அது என்ன

ராபின்: மக்காச்சோள மாவில் கிண்டும் களி. நீங்கள் மரச்சீனி மாவில் கிண்டுவீர்களே, அதற்குப் பங்காளி.

ஸ்டெல்லா: டேய், ஆபீசுக்குப் போகிறாயா இல்லையா? எப்போது பார்த்தாலும் ஃபுட்பால்.

ராபின்: போகிறேன் அக்கா. வேலைதான் இல்லை. கொல்லாங்கொட்டைக்கு, அதுதான் முந்திரிக்கு, வியாபாரிகள் சொன்ன விலை குறைவு என்று இந்த நாட்டு அதிபர் மகுஃபுலி நவம்பரில் ராணுவத்தை விட்டே கொள்முதல் செய்யச் சொன்னார். அதிலிருந்து எங்கள் ஏற்றுமதி ஆபீசில் ஈ ஓட்டுகிறோம்.

அம்மா: அதுதான் இங்கே கொட்டை உடைக்கும் அண்டி ஆபீசிலும் சொன்னார்கள். உன் ஊர்க் கொட்டையைக் காணவே இல்லை. இப்போது உடைப்பதெல்லாம் வேறே. தோல் எண்ணெய் பட்டு விரல் பொத்துப்போவது மட்டும் எல்லா நாட்டுக் கொட்டைக்கும் ஒன்றுதான்.

பெரியப்பா: சிம்பா என்றால் சிம்மம். பார்த்தாயா, நம்ம சொல் கடல் தாண்டிப் போயிருக்கிறது.

ராபின்: இல்லை பெரியப்பா, அது அவர்களுடைய சொந்தச் சொல். சிங்கம் என்றுதான் அர்த்தம், ஆனால் நம்மிடமிருந்து போனதல்ல.

பெரியப்பா: ஒலி ஒன்றாக இருக்கிறதே.

ஸ்டெல்லா: சிம்மமே நம்ம சொல் இல்லை பெரியப்பா. வடமொழி.

பெரியப்பா: டீச்சர் வந்துவிட்டாள்.

ராபின்: நம்ம பக்கத்திலிருந்து வந்த சொல் வேண்டுமென்றால் ஒன்று இருக்கிறது. ஆட்டோவுக்கு இங்கே பெயர் ‘பஜாஜி’.

*12 பிப்ரவரி 2019, செவ்வாய்*

ராபின்: 1–0

ராபின்: நாங்கள்

ராபின்: அல் அஹ்லியை!!!

ஜெனிஷ்: அதே அல் அஹ்லியா?

ராபின்: அதேதான். எட்டு தடவை ஆப்பிரிக்க சாம்பியன். பத்து நாள் முன்னால் ஐந்து கொடுத்த அதே டீம். இங்கே தார் எஸ் சலாம் நேஷனல் ஸ்டேடியத்தில் ஒன்றும் நடக்கவில்லை அவர்களுக்கு. மெடி ககேரே கோல். அடித்துவிட்டு ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஓடுவார், அதுதான் அவர் அடையாளம். இப்போது தெருவில் சின்னப் பையன்கள் எல்லாரும் ஒற்றைக் கண்ணோடு திரிகிறார்கள்.

பெரியப்பா: கோலி?

ராபின்: ஒன்றுகூட விடவில்லை.

பெரியப்பா: ம். தூங்குவான் இன்றைக்கு.

அம்மா: கண்ணில் என்ன பட்டது அந்தப் பிள்ளைக்கு

*9 மார்ச் 2019, சனி*

ராபின்: அல்ஜீரியாவில் ஜே.எஸ். சவூராவிடம் 2–0. தோல்வி.

ஜெனிஷ்: வெளியே போனால் புலி எலியாகிவிடுகிறது.

ராபின்: சிங்கம்.

*16 மார்ச் 2019, சனி*

ஜெனிஷ்: கணக்கு போட்டுவிட்டேன். டி பிரிவு. சவூரா 8, அல் அஹ்லி 7, வீட்டா 7, சிம்பா 6. நாலு டீமுக்கும் நடுவே இரண்டே புள்ளி. இன்றைக்குக் கடைசி ஆட்டம். இங்கே சிம்பா–வீட்டா, அங்கே அல் அஹ்லி–சவூரா. சிம்பா ஜெயித்தே ஆகவேண்டும். டிரா ஆனால் கடைசி இடம்.

ஸ்டெல்லா: இதே வேகத்தில் கணக்குப் பரீட்சையும் எழுது.

ராபின்: மைதானத்துக்குக் கிளம்பிவிட்டேன். பஜாஜிக்காரர் ‘சா டிசா’வுக்கு வரச் சொன்னார். அப்படியென்றால் ஒன்பது மணி. ஆனால் நம்ம கணக்கில் மதியம் மூன்று. இவர்கள் காலை ஆறிலிருந்து எண்ணுவார்கள், ஏழு மணிதான் இவர்களுக்கு ஒரு மணி. வந்த புதிதில் ஒருவர் சா டிசாவுக்கு விருந்துக்குக் கூப்பிட்டார். நான் ராத்திரி ஒன்பதுக்குப் போய் நின்றேன். பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அம்மா: அப்புறம் என்ன சாப்பிட்டாய்

ராபின்: அம்மா, அது போன வருஷம்.

ராபின்: எங்கள் கட்டட வாட்ச்மேன் யாங்கா ஆள். சிம்பாவும் யாங்காவும் ஒரே ஊர், ஜென்மப் பகை. சிம்பா சிவப்பு, யாங்கா பச்சை மஞ்சள். சிம்பாவோடு ஆட எந்த வெளிநாட்டு டீம் வந்தாலும் யாங்காக்காரர்கள் அன்றைக்கு அந்த நாட்டுக் குடிமக்கள். இன்று வீட்டாவும் பச்சை என்பதால் அவருக்குப் புதுச் சட்டைச் செலவும் மிச்சம். காலையிலேயே போட்டுக்கொண்டு என் மோட்டார் பைக்குக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ‘போய் அழுதுவிட்டு வா’ என்றார்.

ராபின்: உள்ளே வந்துவிட்டேன். அறுபதாயிரம் இருக்கை. ஊரில் சிவப்புத் துணியே மிச்சமில்லை போல. பக்கத்து வரிசையில் ஒரு பாட்டி காஷாட்டா விற்கிறார். அச்சு அசல் நம்ம கடலை மிட்டாய்.

பெரியப்பா: மனுலா எந்தப் பக்கம் நிற்கிறான்?

பெரியப்பா: ராபின்?

பெரியப்பா: ஒரு டிக்தான் விழுகிறது.

ஜெனிஷ்: அறுபதாயிரம் பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தால் டவர் என்ன செய்யும் பெரியப்பா. நான் இங்கே ஸ்கோர் பார்க்கிறேன்.

ஜெனிஷ்: 13வது நிமிஷம் வீட்டா கோல். 0–1.

பெரியப்பா: அடப் பாவி.

ஜெனிஷ்: 36. 1–1. மொஹமெட் ஹுசேன். டிஃபெண்டர்.

பெரியப்பா: டிஃபெண்டர் முன்னால் போய்க் கோல் அடிக்கிறான் என்றால் இவர்கள் பயப்படவில்லை என்று அர்த்தம்.

ஸ்டெல்லா: நான் விடைத்தாள் திருத்துகிறேன். முடிந்ததும் ஒரு வரி போடுங்கள்.

ஜெனிஷ்: அல் அஹ்லி சவூராவை மடக்கிவிட்டது. இப்போது இங்கே ஒரே ஒரு கோல். விழுந்தால் இரண்டாவது இடம், கால் இறுதி. விழாவிட்டால் நாலாவது. நடுவில் ஒன்றுமே கிடையாது.

ஸ்டெல்லா: என்ன ஆச்சு?

பெரியப்பா: திருத்து அம்மா நீ.

ஸ்டெல்லா: பேனாவை வைத்துவிட்டேன்.

அம்மா: நான் ஜெபமாலை எடுத்திருக்கிறேன். சத்தம் போடாதீர்கள்.

ஜெனிஷ்: ஆட்டம் முடியப்போகிறது

ஜெனிஷ்: கோல்ல்ல்ல்ல்

ஜெனிஷ்: 2–1 சாமா!!! கிளாட்டஸ் சாமா!!!

பெரியப்பா: யார் அது?

ஜெனிஷ்: சாம்பியாக்காரர். மிட்ஃபீல்ட்.

ராபின்: இன்னும் 1–1தான். உட்காரவே முடியவில்லை.

ராபின்: பாட்டி விற்பதை நிறுத்திவிட்டுத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நிற்கிறார்.

ராபின்: முடியாது போல பெரியப்பா. நேரம் இல்லை.

ஸ்டெல்லா: இவன் எந்தக் காலத்தில் இருக்கிறான்?

ஜெனிஷ்: பழைய மெசேஜ் இப்போது வருகிறது. அண்ணா, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்!

ராபின்: (குரல் செய்தி, 0:47)

அம்மா: ஒரே இரைச்சல். என் பிள்ளை குரலே கேட்கவில்லை.

பெரியப்பா: நான் மூன்று தடவை கேட்டேன். கடைசியில் ‘அம்மா’ என்று ஒரு சத்தம் இருக்கிறது.

*17 மார்ச் 2019, ஞாயிறு*

ராபின்: தொண்டை போய்விட்டது, தட்டச்சு செய்கிறேன். பெரியப்பா, இந்தக் கணக்கைப் பாருங்கள். ஆறு ஆட்டம். வீட்டில் மூன்று, மூன்றும் வெற்றி. வெளியே மூன்று, மூன்றும் தோல்வி. அடித்தது 6, வாங்கியது 13. கால் இறுதி!

ஜெனிஷ்: மைனஸ் ஏழு வைத்துக்கொண்டு கால் இறுதிக்குப் போன டீமை நான் பார்த்ததில்லை.

பெரியப்பா: பதின்மூன்றையும் பற்றி நாளைக்கு யார் பேசப்போகிறார்கள்? சாமாவைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தக் கோலிக்கு என் பெயரில் ஒரு டீ வாங்கிக் கொடு மக்கா.

ராபின்: வாட்ச்மேனுக்குத்தான் வாங்கிக் கொடுத்தேன். பச்சைச் சட்டையை மாற்றிவிட்டார். ‘வீட்டா சரியில்லை’ என்று சொல்லிவிட்டுக் குடித்தார்.

*6 ஏப்ரல் 2019, சனி*

ராபின்: கால் இறுதி முதல் ஆட்டம். காங்கோ டீம் டி.பி. மாஸெம்பேயோடு 0–0. வீட்டில் முதல் தடவையாக ஜெயிக்கவில்லை. கேப்டன் ஜான் போக்கோ பெனால்டியை விட்டுவிட்டார்.

பெரியப்பா: போச்சு.

ஜெனிஷ்: அண்ணா, பிரிட்டோரியாவில் சன்டவுன்ஸ் அல் அஹ்லிக்கு 5–0 கொடுத்திருக்கிறது!

ராபின்: பார்த்தேன். இங்கே சிம்பாக்காரர்கள் எல்லாரும் தாங்களே அடித்தது போல் திரிகிறார்கள்.

*13 ஏப்ரல் 2019, சனி*

ராபின்: 4–1 தோல்வி. மாஸெம்பேயின் ஊர் லுபும்பாஷியில். முதல் கோல் நாங்கள் அடித்தோம், ஒக்வி. பிறகு நாலு. நான் பார்த்தது ‘கிபண்டா உமிசா’வில். தகரக் கொட்டகை, மரப் பலகை, முன்னால் ஒரு டி.வி. பெயருக்கே ‘வலிக்க வைக்கும் குடிசை’ என்று அர்த்தம் சொல்கிறார்கள். முதுகுக்கு வைத்த பெயராம். இன்றைக்கு நெஞ்சுக்கும்.

அம்மா: சாப்பிட்டுப் படு

*1 ஜூன் 2019, சனி*

ஜெனிஷ்: இன்று ராத்திரி மாட்ரிட்டில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். லிவர்பூல்! எல்லாரும் ஜெபமாலை எடுங்கள்.

ராபின்: உன் ஃபைனல் இருக்கட்டும். நேற்று ராத்திரி எங்கள் ஆப்பிரிக்க ஃபைனலைப் பார்த்தாயா? துனிசில். துனிசியாவின் எஸ்பெரான்ஸ், மொராக்கோவின் வைதாத்.

ஜெனிஷ்: வைதாத் பாதியில் போய்விட்டார்கள் என்று படித்தேன்.

ராபின்: ரமலான் என்பதால் ஆட்டமே பிந்தித்தான் தொடங்கியது, நானும் வாட்ச்மேனும் அவர் அறையில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். முதல் ஆட்டம் போன வாரம் ரபாத்தில் 1–1. நேற்று பெலாய்லி அடித்து எஸ்பெரான்ஸ் 1–0. இடைவேளைக்கு அப்புறம் வைதாத்தின் எல் கார்ட்டி தலையால் முட்டி வலைக்குள் போட்டார். ஆஃப்சைடு என்று கொடி. வைதாத் ஆட்கள் ‘வி.ஏ.ஆர். பாருங்கள்’, அதாவது வீடியோவில் திரும்பப் பாருங்கள் என்று கையால் பெட்டி வரைந்து காட்டுகிறார்கள். ஓரத்தில் டி.வி. பெட்டியும் நிற்கிறது. ஆனால் அது வேலை செய்யவில்லை!

ஸ்டெல்லா: கரன்ட் இல்லையா?

ராபின்: என்னவோ பழுது. ஒரு மணி நேரத்துக்கு மேல் எல்லாரும் புல்லில் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் தலைவரே இறங்கி வந்தார். வைதாத் ஆட மறுத்தது. காம்பியா நடுவர் கசாமா விசில் ஊதி முடித்துவிட்டார். எஸ்பெரான்ஸ் கோப்பையைத் தூக்கிவிட்டது, அவர்களுக்கு நூறாவது வருஷம் வேறு.

பெரியப்பா: ஆஃப்சைடா இல்லையா, அதைச் சொல்.

ராபின்: டி.வி.யில் திரும்பப் போட்டதைப் பார்த்தால் ஆஃப்சைடு இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. வாட்ச்மேனும் நானும் ஒரே கருத்தில் இருந்த ஒரே ராத்திரி.

பெரியப்பா: நம்ம பள்ளித் திருவிழா டோர்னமென்ட்டில் ரெஃப்ரி சைக்கிளை எடுத்துக்கொண்டு போன கதைதான். பந்தையும் கேரியரில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜெனிஷ்: ரபாத்தில் வி.ஏ.ஆர். வேலை செய்ததே, அங்கேயும் சண்டைதானே?

ராபின்: ஆமாம். அந்த நடுவருக்கு ஆறு மாதத் தடை.

*7 ஜூன் 2019, வெள்ளி*

ராபின்: ஆப்பிரிக்கக் கூட்டமைப்புக்காரர்கள் பாரிஸில் கூட்டம் போட்டு, கோப்பையைத் திருப்பிக் கொடு, வேறு ஊரில் மறுபடி ஆடு என்று சொல்லிவிட்டார்கள்.

ஸ்டெல்லா: கொடுப்பார்களா?

பெரியப்பா: பூட்டி வைத்திருப்பார்கள்.

*25 ஆகஸ்ட் 2019, ஞாயிறு*

ஜெனிஷ்: அண்ணா, அந்தக் கோப்பை கடைசியில் என்ன ஆனது?

ராபின்: மறு ஆட்டம் நடக்கவே இல்லை. அப்படிச் சொல்ல அந்தக் குழுவுக்கு அதிகாரம் கிடையாது என்று விளையாட்டு நடுவர் மன்றம் ரத்து செய்தது. பிறகு ஒழுங்கு நடவடிக்கைக் குழு எஸ்பெரான்ஸுக்கே கொடுத்தது. பெரியப்பா சொன்னதுதான், பூட்டித்தான் வைத்திருந்தார்கள். வைதாத் இன்னும் விடுவதாக இல்லை.

பெரியப்பா: உன் சிங்கம் எப்படி இருக்கிறது? புது சீசன் தொடங்கிவிட்டதாமே.

ராபின்: அதை ஏன் கேட்கிறீர்கள்.

ராபின்: முதல் சுற்று. மொசாம்பிக் டீம், யூ.டி. சோங்கோ. அங்கே 0–0. இன்று இங்கே 1–1. மொத்தம் சமன் என்றால் வெளியூரில் கூடுதல் கோல் அடித்தவருக்கு வெற்றி, அந்தக் கணக்கில் நாங்கள் வெளியே. எங்கள் சொந்த மைதானத்தில்!

ஜெனிஷ்: அல் அஹ்லியால் முடியாததை சோங்கோ செய்துவிட்டதா!

ராபின்: இன்னும் இருக்கிறது. போன சீசனில் சிம்பா கால் இறுதிக்குப் போனதால்தான் டான்சானியாவுக்கு சாம்பியன்ஸ் லீக்கில் கூடுதலாக ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் உள்ளே வந்தது யார் தெரியுமா? யாங்கா. நேற்று போட்ஸ்வானாவில் 1–0 ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்கள்.

ஸ்டெல்லா: ஐயோ.

பெரியப்பா: வாட்ச்மேன் என்ன சொன்னார்?

ராபின்: ஒன்றும் சொல்லவில்லை. கேட்டைத் திறந்துவிட்டார். நாற்காலிக்குப் பக்கத்தில் இரண்டு டீ வாங்கி மூடி வைத்திருந்தார்.

அம்மா: குடித்தாயா